உயர்நிலை வகுப்பில் உலக வரலாறு: திட்டமிடலும் கற்பித்தலும்

தமிழ்த்துறை மலரில் வரலாற்றுப் பாடம் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு முதலில் ஒரு விளக்கம். நம் துறையில் பட்டம் பெற்று, கல்வியியலும் முடித்துச் செல்லும் மாணவ மாணவியருள் பலர் சிற்றூர்ப் பள்ளிகளில் பணியேற்கின்றனர். அங்கே தமிழாசிரியர் தமிழை மட்டும் நடத்திவிட்டு வீடு திரும்ப எப்போதும் இயலுவதில்லை. வரலாற்றாசிரியர் பணியிடம் காலியாக இருக்கும். தலைமையாசிரியர் அழைத்து, "தமிழும் வரலாறும் அண்ணன் தம்பிதானே ஐயா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். கல்லூரிப் பணிக்கு வருமுன் நமக்கும் அவ்வாறே நேர்ந்தது. இம்மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இரண்டாண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்கு உலக வரலாறு நடத்தினோம். அங்கு நாம் கற்றதையும் தவறியதையும் ஈண்டு எழுதுகிறோம்.

முதல் மாதம் நாம் செய்தது மிக எளிது. பாடநூலை ஒரு மாணவர் உரக்கப் படிப்பார், நாம் முக்கியமான வரிகளின் கீழ்க் கோடிடச் சொல்வோம், கோடிட்டவை விடைகளாகும். மாதத் தேர்வில் எல்லாரும் நன்றாகவே எழுதினர். ஆயினும் ஒரு நாள், "ரோமாபுரி எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். "மூன்றாம் பாடத்தில் ஐயா" என்று விடை வந்தது. வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பின்னர்தான் அச்சிறுவன் பொய் சொல்லவில்லை என்பது உறைத்தது. நாம் நடத்திய ரோமாபுரி உண்மையிலேயே மூன்றாம் பாடத்தில்தான் இருந்தது, உலகத்தில் இல்லை.

அன்று தொடங்கி நாம் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு. எந்தப் பாடமாயினும், மாணவர் கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஒரு பொருளிலோ சொல்லிலோ தொடங்குதல்; அப்பொருளே எழுப்பும் வினாவுக்கு விடை தேடிப் பாடநூலுக்குள் நுழைதல். இதற்குப் புதுக்கோட்டைச் சீமை வாய்ப்பான இடம். இங்கே தோண்டிய மண்ணெல்லாம் வெளியுலகத்தோடு உறவுடையது.

ஆண்டுத் திட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் மனிதப் பரிணாமத்தில் தொடங்கி, பண்டை நாகரிகங்கள், செவ்வியல் உலகம், இடைக்காலம், புரட்சிகளின் காலம், தொழிற்புரட்சி எனச் சென்று ஆசிய ஆப்பிரிக்கக் காலனியாதிக்கத்தில் முடிகிறது. பத்தாம் வகுப்பு நூல் முதல் உலகப் போரில் தொடங்குகிறது. இத்தனையையும் ஒரே வேகத்தில் நடத்த முற்படும் ஆசிரியர் எதையும் நடத்தியவராகார். விளையாட்டு விழா, மழை விடுமுறை, தேர்வு நாள்கள் எல்லாம் போக எஞ்சும் பாடவேளைகளை எண்ணிப் பார்த்து, நான்கைந்து பாடங்களை ஆழமாக நடத்துவது, ஏனையவற்றை விரைந்து கடப்பது என ஜூன் மாதத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். எந்த நான்கைந்து என்பது ஆசிரியரின் உரிமை. நாம் தேர்ந்தவை ரோம வணிகம், சிலுவைப் போர், கடல்வழிக் கண்டுபிடிப்பு, முதல் உலகப் போர். நான்காவது ஒன்பதாம் வகுப்புக்கு உரியதன்று; ஆசையினால் சேர்த்துக்கொண்டோம்.

காலக்கோட்டுக்கு நாம் பயன்படுத்தியது கிணற்றுக் கயிறு. நூறு ஆண்டுக்கு ஒரு சாண் என்று முடிச்சிட்டால் ஐயாயிரம் ஆண்டு ஐம்பது சாண். ஏறத்தாழ முப்பத்தேழு அடி. பள்ளித் தாழ்வாரத்தில் அடங்கிவிடும். ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சங்க காலத்தைப் பிடித்தவர்க்கும் ரோமப் பேரரசைப் பிடித்தவர்க்கும் தோள் உரசும். நம் ஊர்க்காரரும் அந்த ஊர்க்காரரும் ஒரே காலத்தவர் என்பதைச் சொல்லாமலே கண்டுகொள்வார்கள். "மனிதன் தோன்றியது எந்த முடிச்சு ஐயா?" என்று கேட்டாள் ஒரு மாணவி. இன்றைய மனித இனத்துக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு எனக் கொண்டால் மூவாயிரம் சாண். இரண்டாயிரத்து இருநூற்றைம்பது அடி. பள்ளி வாயிலைக் கடந்து பேருந்து நிறுத்தம் வரை கயிறு வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னவர்களும் அவர்களே.

இனி ரோம வணிகப் பாடம். 1898-ஆம் ஆண்டு ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் தலைகள் அக்காசுகளில் உள்ளன. வெஸ்பாசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. ஆகவே இப்புதையல் அதற்கு முன் மண்ணுக்குள் சென்றிருக்க முடியாது. இந்த ஒரு முடிவைத் தாமாகவே எட்டுவதற்கு மாணவர்க்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று கருதும் ஆசிரியர் வரலாறு நடத்தாதிருப்பதே நலம்.

அக்காசுகளில் இன்னொரு புதிர் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அரசரின் தலைமீது ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே கூரிய கருவியால் இட்ட வெட்டு. ஏன் வெட்டினார்கள்? வகுப்பில் அட்டையில் வட்டம் வெட்டிக் காசு செய்து, தலை வரைந்து, வெட்டுக் கோடும் இட்டு, குழுவுக்கு ஐந்தாகக் கொடுத்தோம். தங்கம்தானா என்று சோதித்தார்கள் என்றது ஒரு குழு. பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை ஒருவர் எழுந்து, "சோதிக்க ஓரத்தில் கீறினால் போதும், முகத்தில் எதற்கு வெட்ட வேண்டும்?" என்று மறுத்தார். காசாகச் செல்லாமல் வெறும் தங்கமாக மட்டும் கொள்ளப்படுவதற்காக என்றது மற்றொரு குழு. அயல்நாட்டு அரசனின் உருவத்தைப் பொறுக்காமல் என்றது இன்னொன்று. நாணயவியல் அறிஞர்களும் இக்கேள்வியில் இன்னும் ஒரு குரலில் பேசவில்லை என்று சொல்லி நிறுத்தினோம். விடை தராமல் மணியடித்துவிட்டதே என்று அன்று ஒரு குறை. மறுநாள் காலையில் நமக்கு முன்பே வகுப்பறையில் அந்த விவாதம் நடந்துகொண்டிருந்தது.

அதன் பின்னரே பாடநூலைத் திறந்தோம். இந்தியா ஆண்டுதோறும் தம் பேரரசிலிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஷியசை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி குறைப்பட்டுக்கொண்ட செய்தியைக் கரும்பலகையில் எழுதினோம். ஒரு பொற்காசுக்கு நூறு செஸ்டர்ஷியஸ். அப்படியானால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பொற்காசு. கருக்காக்குறிச்சிப் புதையல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப் பாடத்தில் உறங்கும் பிள்ளைகளும் இக்கணக்கில் விழித்துக்கொண்டனர். உடனே அடுத்த கேள்வி: பிளினி சொன்னது உண்மையா? அவர் சுங்க அதிகாரியாக இருந்து எழுதினாரா, ஆடம்பரத்தைக் கண்டிக்கும் அறிவுரையாளராக எழுதினாரா? எழுதியவர் யார், எப்போது எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார் என்னும் மூன்று வினாக்களையும் அன்று பலகையின் மேல் மூலையில் எழுதினோம். ஆண்டு முடியும் வரை அழிக்கவில்லை.

தமிழாசிரியர்க்கு இம்மூன்று வினாக்களும் புதியனவல்ல. சுவடி ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பவன் செய்வதும் இதுவே. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சைவராகிய அவர் அச்சமண நூலின் பொருளை அறியக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். பிறர் நூலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் இந்தப் பழக்கம் வரலாற்று வகுப்புக்கு எவ்வளவு தேவை என்பதை நாம் அறிந்துகொண்டது அடுத்த பாடத்தில். அதுவும் தவறு செய்த பிறகே.

சிலுவைப் போர்ப் பாடம். 1099-இல் ஜெருசலேம் நகரைக் கைப்பற்றிய சிலுவைப் படையினர் அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். 1187-இல் அந்நகரை மீட்ட சலாஹுத்தீன் ஐயூபி அவ்வாறு செய்யவில்லை. மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு மக்களை வெளியேற விட்டார். இவ்விரு காட்சிகளையும் நாம் மேடைப் பேச்சாளரைப் போல் எடுத்துரைத்தோம். சொல்வன்மை இருக்கிறதே என்ற மயக்கம். முடித்தபோது முன்வரிசையில் இருந்த நம் சமுதாயப் பிள்ளைகள் கைதட்டினர். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினர். நமக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மணியடித்து எல்லாரும் எழுந்தபோதுதான் கடைசி வரிசையில் ஒரு மாணவர் தலை கவிழ்ந்து அமர்ந்திருப்பதைக் கண்டோம். வகுப்பில் இருந்த ஒரே கிறித்தவப் பிள்ளை அவர். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரோ செய்த கொலைக்கு அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையை நாம் அரைமணி நேரம் கூண்டில் ஏற்றியிருந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாம் சொன்னவற்றில் பொய் ஏதுமில்லை. ஆனால் சொல்லாமல் விட்டவை இருந்தன. சொன்னது எதற்காகச் சொல்லப்பட்டது என்பதும் இருந்தது. நம் பிள்ளை வேறொரு பள்ளியில், வேறொரு பாடத்தில், இவ்வாறு தலை கவிழ்ந்து அமர்ந்திருக்க நேர்ந்தால் நாம் பொறுப்போமா? நம் சமுதாயத்துப் பெற்றோர்க்கு இக்கேள்வியின் எடை தெரியும். அந்நிலையில் அமர்ந்திருந்த அனுபவம் நம்மில் பலர்க்கு உண்டு.

மறுநாள் அதே பாடத்தை மீண்டும் எடுத்தோம். இம்முறை பேசவில்லை, நான்கு தாள்களில் நான்கு செய்திகளை எழுதிக் குழுக்களிடம் கொடுத்தோம். ஒன்று, 1099 படுகொலை. இரண்டு, 1187-இன் இரு பக்கங்கள்: ஆணுக்குப் பத்துத் தினார், பெண்ணுக்கு ஐந்து எனப் பெற்று விடுவித்ததும், அப்பணமில்லாத ஏழைகள் பலர் அடிமைகளானதும், அதே ஆண்டு ஹத்தீன் போரில் சிறைபட்ட துறவிப் படைவீரர்கள் கொல்லப்பட்டதும். மூன்று, 1191-இல் அக்கோ நகரில் ஆங்கில மன்னர் ரிச்சர்டு ஏறத்தாழ 2,700 முஸ்லிம் கைதிகளைக் கொன்றது.

நான்காவது தாளே வகுப்பை மாற்றியது. சிரியாவைச் சேர்ந்த உசாமா இப்னு முன்கித் என்னும் பிரபு 1095-இல் பிறந்து 1188 வரை வாழ்ந்தவர். தம் நினைவுக் குறிப்பில் அவர் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். ஜெருசலேம் கிறித்தவர் ஆட்சியில் இருந்த காலத்தில், கோயில் வீரர் எனப்பட்ட துறவிப் படையினர் அவர்க்கு நண்பர்கள். அவர் அங்கே செல்லும்போது தொழுவதற்கு ஓர் இடத்தை ஒழித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் ஐரோப்பாவிலிருந்து புதிதாய் வந்த ஒருவன் தொழுதுகொண்டிருந்த உசாமாவைப் பிடித்துக் கிழக்கு நோக்கித் திருப்பி, இப்படித்தான் தொழ வேண்டும் என்றான். நண்பர்கள் அவனை அப்புறப்படுத்தி, இவன் ஊருக்குப் புதியவன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டனர். அந்த உசாமாவும் தம் நூலில் பரங்கியரை ஏளனம் செய்யாமல் விடவில்லை என்பதையும் தாளில் எழுதியிருந்தோம். ஒளித்து வைத்துக் கற்பிக்கும் நன்மை நெடுநாள் நில்லாது.

"இவர்களில் யார் ஐயா நல்லவர்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளையே விடை எழுதச் சொன்னோம். அவள் எழுதியது: "புதிதாக வந்தவன் சண்டை போட்டான். பழகியவர்கள் இடம் கொடுத்தார்கள்." பாடநூலில் இல்லாத விடை, நாம் பத்துக்குப் பத்துக் கொடுத்தோம். கடைசி வரிசைப் பிள்ளை அன்று வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் அறைக்கு வந்து, "அந்த உசாமா எழுதியதை இவ்வளவு நாள் யார் ஐயா வைத்திருந்தார்கள்?" என்று கேட்டார். தெரியாது என்றோம். ஒரு வாரம் தேடி விடை கண்டோம். ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியல் என்னுமிடத்தில், கிறித்தவ மடம் ஒன்றோடு இணைந்த அரச நூலகத்தில், ஒரே ஒரு கைப்பிரதியாக அது தங்கியிருந்தது. 1880-இல் ஓர் ஐரோப்பிய அறிஞர் கண்டெடுத்தார். இதைச் சொன்னபோது அவர் தம் ஏட்டில் அந்த ஊரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதித் தரச் சொன்னார்.

இங்கே சமுதாயப் பெரியவர்களிடம் ஒன்றைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறோம். உலக வரலாறு என்றால் பாக்தாதின் பெருமையும் கொர்தோவாவின் பெருமையும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டும் என்று பெரியவர்கள் விரும்புவது இயல்பு, சொல்லத்தான் வேண்டும். ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் ஆக்கிய பேரறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். அல்குவாரிஸ்மி எழுதி உலகெங்கும் பரவிய எண்முறை இந்தியர் எண்முறை. இவற்றை விட்டுவிட்டுச் சொல்லப்படும் பெருமை, முதல் எதிர்க்கேள்வியில் உடைந்துவிடும். உடையும்போது நம் பிள்ளையின் நம்பிக்கையும் சேர்ந்து உடையும்.

சொற்களின் வழியே நடத்துவது தமிழாசிரியர்க்குக் கைவந்த கலை. உசாமா கூறிய அந்தப் பரங்கியர் என்னும் சொல்லையே காண்க. பிராங்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபியரும் பாரசீகரும் வழங்கிய வடிவில் பயணம் செய்து நம்மிடம் பரங்கியாயிற்று, பரங்கிமலையாயிற்று, அயலிலிருந்து வந்த காய் பரங்கிக்காயாயிற்று. சாவி, அலமாரி, ஜன்னல், மேசை ஆகியவற்றைப் போர்ச்சுகீசியர் தந்தனர். துட்டு டச்சுக்காரர் தந்தது. வசூல், ஜில்லா அரபி வழி வந்தவை; ரசீது பாரசீக வழி வந்தது. ஓர் ஓட்டு வீட்டுக்குள் நுழைந்து கதவு, ஜன்னல், அலமாரி, பணப்பெட்டி என்று சுட்டிக்கொண்டே போனால் 1498-க்குப் பிந்தைய கடல் வரலாறு முழுதும் அங்கே கிடக்கிறது.

மதிய உணவையும் பாடமாக்கலாம். ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் வறுத்து விற்கும் முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. ஆலங்குடிப் பக்கம் பயிராகும் நிலக்கடலையும் தென் அமெரிக்காவினது. மிளகாய்க்குத் தமிழில் தனிப்பெயர் கூட இல்லை. மிளகைப் போல் உறைப்பதால் மிளகுக்காய் என்றனர். அமெரிக்காவை ஐரோப்பியர் அடையுமுன் நம் பாட்டனார் குழம்பில் மிளகாய் இல்லை என்று சொன்னபோது வகுப்பே நம்ப மறுத்தது.

முதல் உலகப் போரை எம்டனில் தொடங்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கப்பல் அழிந்து போயிற்று. "அவன் பெரிய எம்டன்" என்னும் வழக்கு இன்னும் அழியவில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உள்ளூர்ப் பற்று சான்றைத் தாண்டிவிடக் கூடாது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததைச் சொல்கிறது. நம் கொடும்பாளூரிலும் மணிக்கிராமம் என்னும் வணிகர் குழு இருந்ததைக் கல்வெட்டுகளால் அறிகிறோம். உடனே, "கொடும்பாளூரார்தாம் அங்கே போய்க் குளத்தைக் காத்தார்கள்" என்று எழுத மாணவரின் கை துடிக்கும். ஆசிரியரின் கையும் துடிக்கும். பெயர் ஒன்று, ஆள் ஒன்று என்பதற்குச் சான்றில்லை. இவ்வேறுபாட்டை ஒன்பதாம் வகுப்பில் கற்றவர் பிற்காலத்தில் எந்த மேடைப்பேச்சிலும் எளிதில் ஏமாறமாட்டார்.

மதிப்பெண் குறையாதா என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. குறையவில்லை, பெரிதாகக் கூடவும் இல்லை. வாரத்தில் ஒரு பாடவேளையை வினா விடைக்கென்று ஒதுக்கினோம். பொருள் புரிந்தபின் மனப்பாடம் விரைவில் முடிகிறது என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நாம் நடத்தியவற்றுள் மிகுந்த பயன் தந்தது சபராளி ஏடு. நம் கடற்கரை ஊர்களிலும் உள்ளூர்களிலும் பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் சென்ற சபராளிகள் இல்லாத குடும்பம் அரிது. பின்னர் குவைத்தும் சவூதியும் வந்தன. ஒவ்வொரு மாணவரும் தம் தெருவில் ஒரு முதியவரிடம் சென்று ஐந்து கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும்: எந்த ஆண்டு போனீர்கள், எந்தக் கப்பல், என்ன வேலை, ஏன் திரும்பினீர்கள், கொண்டு வந்தது என்ன? 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது கால்நடையாகக் காடு கடந்து வந்தவரின் கதை ஒன்று வந்தது. 1990-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அத்தா எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் வீட்டார் தவித்த கதை ஒன்றும் வந்தது. எழுதி வந்தவர் எல்லாரும் முஸ்லிம் பிள்ளைகள் அல்லர். செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளையாகப் பர்மா சென்றவர், தோட்டக் கூலியாக மலாயா சென்றவர் ஆகியோரின் பேரப்பிள்ளைகளும் எழுதினர். தலை கவிழ்ந்திருந்த அந்த மாணவரின் பாட்டனாரும் ரங்கூன்காரரே. நம் உறவினர் ஒருவரின் பெட்டிக் கடைக்கு அடுத்த தெருவில் அவர் இருந்திருக்கிறார் என்று ஏட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அவ்வேடுகள் இப்போது எங்கே என்று கேட்டால் நாணவே வேண்டும். பள்ளி அலமாரியில் வைத்தோம்; வெள்ளையடிக்கும்போது பழைய தாளோடு போய்விட்டன. சொன்ன முதியவர்களும் இன்று இல்லை. ஆகவே பயிற்சிக்குச் செல்லும் நம் மாணவர்கள் ஏட்டின் நகல் ஒன்றைத் தம் வீட்டில் வைத்துக்கொள்க. பெரியவர்கள் தம் பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, கடைக் கணக்கு, கடிதம் ஆகியவற்றைப் பழைய தாள்காரரிடம் போடுமுன் அருகிலுள்ள பள்ளி ஆசிரியர்க்கு ஒருமுறை காட்டுக. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2021-இல் அகழாய்வு தொடங்கிய பொற்பனைக்கோட்டையும் நகருக்கு அருகில்தான். ஒரு நாள் பேருந்துச் செலவை ஜமாஅத்தோ பெற்றோர் கழகமோ ஏற்றுக்கொண்டால் போதும். கயிறு வாங்க வேண்டியதில்லை. எந்த வீட்டுக் கிணற்றடியிலும் பழையது கிடக்கும்.